தூண்டில்காரரிடம் யாராவது கேட்க வேண்டும்

கடலூரிலும் புதுச்சேரியிலும் தூண்டிலில் பிடிபடும் மீனுக்கு ஒரு கணக்கு வேண்டும். நண்பர்களிடம் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறேன், இன்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

படகில் வரும் மீனுக்குக் கணக்கு இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் மீன் இறங்கும் இடங்களில் மாதிரி எடுத்து மதிப்பிடுகிறார்கள். தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் கலக்கும் இடத்திலும், தாழங்குடா பக்கம் பெண்ணையாற்று முகத்துவாரத்திலும், நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றங்கரையிலும் நிற்பவர் பிடித்த கொடுவா மீன் எந்த ஏட்டில் ஏறுகிறது? பையில் போட்டு, வண்டியில் மாட்டி, நேராக வீட்டுக் குழம்புக்குப் போய்விடுகிறது. முன்பு கையில் நரம்பும் முள்ளும் இறாலும்தான். இப்போது ராடு, ரீல், செயற்கை இரையோடு வரும் இளைஞர்களையும் பார்க்கிறேன்.

அலாஸ்காவில் கீனாய் என்றொரு சால்மன் ஆறு. 1985இல் அங்கே 44 கிலோ சினூக் சால்மன் ஒன்று தூண்டிலில் சிக்கியது. அந்த இனத்தில் இன்றும் அதுதான் உலக சாதனை. அந்த ஆற்றில் பல பத்தாண்டுகளாகத் தூண்டில்காரர்களை நேரில் கேட்டுக் கணக்கெடுத்திருக்கிறார்கள். எப்போது வந்தீர்கள், என்ன மீன், எத்தனையை வைத்துக்கொண்டீர்கள், எத்தனையைத் திரும்ப விட்டீர்கள் என்று கேட்பார்கள். நீளம் அளந்து சில செதில்களை எடுத்துக்கொள்வார்கள். செதில் வளையங்களைப் பார்த்தால், அந்த மீன் ஆற்றில் எத்தனை ஆண்டு, கடலில் எத்தனை ஆண்டு இருந்தது என்பதுகூடத் தெரியும். கரையில் கேட்ட கணக்கோடு, ஆற்றில் ஏறிவரும் மீனை ஒலியலைக் கருவியால் எண்ணியதும் கையில் இருந்தது. வரத்து குறைந்தபோது, அண்மை ஆண்டுகளில் சினூக் பிடிப்பதையே அங்கே நிறுத்த முடிந்தது.

முறை எளிது. பகலில் முன்பின் சொல்லாத நேரங்களில் போய் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ண வேண்டும். ஒரு பேச்சுக்கு, சராசரியாக 20 பேர், 10 மணி நேரம் என்றால் 200 மணி நேரத் தூண்டில். கேட்டவர்களுக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு மீன் கிடைத்திருந்தால், அன்றைக்கு 50 மீன். யாரையும் நாள் முழுக்கக் காவல் காக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றும் கிடைக்காமல் நிற்பவரையும் கேட்டே ஆக வேண்டும். பெரிய மீன் வைத்திருப்பவர் தானாகவே காட்டுவார், படம் எடுக்கச் சொல்வார். வெறும் பையோடு போகிறவர் பேசாமல் நகர்ந்துவிடுவார். அவரை விட்டுவிட்டால் கணக்கு ஊதிப் போகும். கரையோரமாக நடந்துகொண்டே கேட்டால் நெடுநேரம் நிற்பவர்கள்தான் அதிகம் கண்ணில் படுவார்கள். அதனால் முடிந்தவரை கிளம்பிப் போகும்போது வழியில் நின்று கேட்பது நல்லது.

இதில் கொடுவாவுக்காகத்தான் நான் இவ்வளவு பேசுகிறேன். சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். கொடுவா அதற்கு நேர்மாறு: முகத்துவாரத்தை ஒட்டிய உப்புநீரில் பிறந்து, குஞ்சாக உள்ளே ஏறி ஆற்றிலும் உப்பங்கழியிலும் வளர்கிறது. பெரும்பாலும் ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துத்தான் பெண்ணாக மாறுகிறது. நாம் தூக்கிப் பிடித்துப் படம் போடும் பெரிய கொடுவா அனேகமாக முட்டையிடும் தாய்தான். அப்படி எத்தனை போகின்றன என்று தெரியாமல், எந்த அளவுக்கு மேல் திரும்ப விட வேண்டும் என்று எப்படிப் பேசுவது?

“இழுவலைப் படகுகளை விட்டுவிட்டு தூண்டில்காரனைப் பிடிக்கிறாயே” என்று ஓர் அண்ணன் கோபப்பட்டார். நியாயமான கோபம். இழுவலையின் சேதமும் உப்பனாற்றில் கலக்கும் கழிவும் பெரிய விஷயங்கள், மறுக்கவில்லை. ஆனால் தூண்டிலின் பங்கு சிறியது என்று சொல்வதற்கும் கணக்கு வேண்டுமே. சிறியதுதான் என்று தெரிந்தால், நாளைக்குத் தடை போட வருகிறவர்களிடம் தூண்டில்காரரே அதைக் காட்டலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கும் 61 நாட்களில் தூண்டிலுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதும் தெரியவரும்.

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் தொடங்கலாம், அளவுகோலும் நோட்டும் போதும். பெயர் கேட்க வேண்டாம், போன் நம்பர் வேண்டாம், சீருடை போட்ட யாரும் கூட வர வேண்டாம். கேஸ் போடுவார்களோ என்ற பயம் வந்துவிட்டால் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார். அப்புறம், சேர்த்த கணக்கை அதே கரையில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். சொன்னவர்கள்தான் அதை முதலில் பார்க்க வேண்டும்.