தரவரிசைக்கு வெளியேயும் படிப்பு இருக்கிறது
கல்லூரிச் சாதனை விழாவில் பல்கலைக்கழகத் தரவரிசை பெற்ற மாணவர்களையும், பன்னாட்டு இதழ்களில் எழுதும் பேராசிரியர்களையும் பாராட்டினால் போதும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கலைக் கல்லூரிக்கு அது மிகக் குறுகிய அளவுகோல். எங்கள் குமரி மாவட்டத்தையே பாருங்கள். ஆரல்வாய்மொழி அறிஞர் அண்ணா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அ.கா.பெருமாள் நாஞ்சில் நாட்டின் ஊர்களுக்குச் சென்று வில்லுப்பாட்டு, கணியான் கூத்து போன்ற நாட்டார் கலைகள், ஓலைச்சுவடி என்று தேடித் தொகுத்தார். அந்த உழைப்பை எந்த இதழ் மதிப்பெண்ணில் அடைப்பது? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய நண்பர் ஒருவர், மாணவர்கள் அப்படியெல்லாம் செய்வதில்லை என்கிறார். செய்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. என் மகளின் வகுப்புத் தோழி குளச்சல் பக்கம் மீனவக் குடும்பத்துப் பெண். கரையில் தெரியும் தேவாலயக் கோபுரத்தையும் மலையையும் வைத்துக் கடலில் இடம் குறிக்கும் ‘கணியம்’ என்ற முறையைப் பற்றி, தன் தாத்தாவிடமும் அவர் வயதுக்காரர்களிடமும் கேட்டுக் கேட்டு இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதினாள். ஜிபிஎஸ் கருவி வந்த பிறகு இளைஞர்கள் பலருக்கு அது தெரியாது. அவ்வளவு அரிய வேலை! விழாவில் அவள் பெயரை யாரும் சொல்லவில்லை. வழிகாட்டிய ஆசிரியைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. தரவரிசைக்காரர்களுக்குப் பதக்கம் தாராளமாகக் கொடுங்கள், அவர்கள் உழைத்தவர்கள். அதே மேடையில் இத்தகைய மாணவர்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்து, கண்டறிந்ததைப் பேசச் சொல்லுங்கள். முன்வரிசையில் அந்தத் தாத்தாவையும் உட்கார வையுங்கள்.