கதைச் செயலியை மூடிய பிறகு குழந்தையிடம் என்ன மிஞ்சுகிறது?

என் மகளுக்கு ஐந்து வயது நிறைந்த சமயம், ஒரு கதைச் செயலியில் முழுக் கதையையும் தானே முடித்துவிட்டதாகப் பெருமையோடு என்னிடம் வந்தாள். கதையில் என்ன நடந்தது என்று கேட்டேன். மரத்தைத் தொட்டால் பறவை பறக்கும், குளத்தைத் தொட்டால் தவளை குதிக்கும் என்று சொன்னாளே தவிர, யானைக்குட்டி தன் தாயைத் தேடி அலைந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொற்கள் ஒவ்வொன்றாக நிறம் மாற, ஒரு குரல் வாசித்துக்கொண்டே போயிருக்கிறது. அவளோ படங்களைத் தொட்டு விளையாடியிருக்கிறாள். இன்றும் எங்கள் வீட்டில் அத்தகைய செயலிகள் உண்டு. ஆனால் அவை எதைக் கற்றுத்தருகின்றன, எதை நம் பொறுப்பில் விட்டுவிடுகின்றன என்பதைப் பெற்றோர் பிரித்தறிய வேண்டும் என்று அன்று முதல் உறுதியாக நம்புகிறேன்.

கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் ஓர் எளிய கருத்தை முன்வைத்தார்கள். எழுத்துக்கூட்டிச் சொல்லை அறியும் திறனையும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்றார்கள். பெருக்கல் என்பதால், இரண்டில் ஒன்று சுழியமானாலும் விடை சுழியம்தான்.

முதல் திறனை வளர்ப்பதில் செயலிகள் உண்மையிலேயே வல்லவை. ஓர் ஒலியைக் கேட்கவைத்து அதற்குரிய எழுத்தைத் தொடச் சொல்வதை நூறு முறை செய்தாலும் அவற்றுக்குச் சலிப்பு வராது. குழந்தை தவறினால் முகம் சுளிக்காது. தான்சானியாவில் நடத்தப்பட்டு 2019இல் முடிவு அறிவிக்கப்பட்ட, குழந்தைகள் தாமாகவே கற்க உதவும் செயலிகளுக்கான எக்ஸ்பிரைஸ் போட்டியில், பெரும்பாலும் பள்ளிக்கே போயிராத குழந்தைகள் 15 மாதங்கள் டேப்லெட் மூலம் சுவாகிலி வாசிக்கக் கற்றார்கள். தொடக்கத்தில் அவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாது; முடிவில் அந்த அளவு பாதியாகக் குறைந்திருந்தது. ஆசிரியர் கிடைக்காத இடத்தில் இது பெரிய சாதனை. எஞ்சிய பாதியையும் நாம் மறந்துவிடக் கூடாது.

தமிழ் வாசிப்புக்கு இன்னொரு கவனமும் தேவை. கடல், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. எழுத்தைத் தனியே காட்டி ஒற்றை ஒலியை மட்டும் பழக்கும் செயலியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இரண்டாவது திறன் பேச்சில் வளர்வது. குழந்தைகளின் மொழி கற்றலை ஆராயும் பட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் அமர்ந்து பேசி விளையாடியவரிடமிருந்து சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. வளர்ந்த குழந்தைகள் திரையிலிருந்தும் சொற்களைக் கற்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பல செயலிகளின் கேள்விக்கு விடை மூன்று படங்களில் ஒன்றாக இருக்கிறது. குழந்தை விரலால் பதில் சொல்லிவிடுகிறது, வாக்கியம் பிறப்பதில்லை. “குட்டி ஏன் அழுதது?” என்று நாம் கேட்கும்போது “அம்மா காணோம்” என்று வரும் பதிலை, “ஆமாம், கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்டதால் அழுதது” என்று நீட்டிச் சொல்லி, அவள் அதைத் தன் வாயால் சொல்லிப் பார்க்கும்வரை காத்திருக்கிறோமே, அந்தக் காத்திருப்பில்தான் மொழி வளர்கிறது.

பேச்சு வராத குழந்தைகளுக்கான தொடர்புச் செயலிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. படத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கும் அந்தச் செயலி அக்குழந்தையின் குரல். அதைக் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்ற அச்சம் பல பெற்றோருக்கு உண்டு. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. பொருள்களின் பெயர்களோடு “வேண்டாம்”, “இன்னும்”, “நிறுத்து”, “வலிக்கிறது” போன்ற சொற்களும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பெரியவர்களும் பேசும்போதே அந்தப் படங்களைத் தொட்டுக் காட்ட வேண்டும். தாம் கேளாத மொழியைக் குழந்தைகள் பேசுவதில்லை. தண்டனை என்று சொல்லி அந்த டேப்லெட்டைப் பிடுங்கி வைப்பது எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

செயலிகளை உருவாக்குவோரிடம் என் வேண்டுகோள் சிறியது. குரல்வாசிப்பையும் அசையும் படங்களையும் அணைக்க ஒரு வழி கொடுங்கள். பக்கம் தானாகப் புரளாமல் இருக்கட்டும். என் மகளின் செயலியில் வாசிப்பு முடிந்ததும் பக்கம் தானே மாறிவிடுகிறது. குட்டி ஏன் அழுதது என்று அவள் யோசிக்கத் தொடங்குவதற்குள் அடுத்த படம் வந்துவிடுகிறது.