பகிடி பண்ணுவதென்றால் சரியான தோல்வியைச் சொல்லிப் பண்ணுங்கள்

கல்முனையில் பிரேசில் உதைபந்தாட்ட அணியை ஆதரிப்பவனுக்கு, 2014 உலகக் கிண்ண அரையிறுதியில் ஜேர்மனியிடம் 7-1 என்று தோற்றதிலிருந்து ஏழு என்ற எண்ணைக் காதில் வாங்காமல் ஒரு வாரம்கூடக் கழிவதில்லை. தேநீர்க் கடையில் மூன்று பேராக உட்கார்ந்திருந்தாலும், "காக்கா, ஏழு பிளேன்டீ" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவன் குரல் கொடுப்பான். கடைக்காரரும் அதை முதன்முறையாகக் கேட்பவரைப்போல் சிரிப்பார். பெருநாள் தொழுகை முடிந்து கட்டித் தழுவும்போது, முபாரக் சொல்வதற்கு முன்னரே "ஏழு" என்று காதுக்குள் முணுமுணுத்துவிட்டுப் போனவனும் எங்கள் தெருவில் இருக்கிறான். வாட்ஸ்அப் குழுவில் நான் வெள்ளத்தைப் பற்றி எழுதினாலும் மின்வெட்டைப் பற்றி எழுதினாலும் கீழே வந்து விழுவது அந்த எண்தான்.

பகிடி பண்ணுவதைக் குறை சொல்லவில்லை. ஆர்ஜென்டீனா 2014 உலகக் கிண்ண இறுதியிலும், 2015, 2016 கோப்பா அமெரிக்கா இறுதிகளிலும் அடுத்தடுத்துத் தோற்றபோது நாங்கள் அவர்களை நிம்மதியாக இருக்க விட்டோமா என்ன? என் ஆத்திரம் வேறு. இத்தனை ஆண்டுகளாக இவர்கள் தவறான தோல்வியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஒன்று. இப்போது வாய் கிழியப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அந்த இரவில் மஞ்சள் ஜேர்சியோடு எங்கள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்பது மற்றொன்று.

அந்த அரையிறுதி நடந்த பெலோ ஹொரிசோன்டேயில் ஜூலை 8ஆம் திகதி மாலை 5 மணி என்றால் எங்களுக்கு 9ஆம் திகதி அதிகாலை 1.30. நோன்பு மாதம் என்பதால் ஊர் விழித்துத்தான் இருந்தது. தராவீஹ் இரவுத் தொழுகை முடித்து வந்தவர்கள் உறங்கப் போகாமல், பாயையும் பிளாஸ்டிக் கதிரைகளையும் முற்றத்தில் போட்டு, தொலைக்காட்சியை யன்னல் வழியாக வெளியே திருப்பி வைத்துக் காத்திருந்தார்கள். தேசிய கீதம் இசைக்கும்போது டேவிட் லூயிஸும் ஜூலியோ சேசாரும் நெய்மாரின் ஜேர்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கொலம்பியாவுடனான காலிறுதியில் நெய்மார் முள்ளந்தண்டில் அடிபட்டு வெளியேறியிருந்தது உண்மைதான்; ஆனால் விளையாட வந்தவர்கள் மையத்து வீட்டுக்கு வந்தவர்களைப்போல் நின்றால் எதிரணிக்கு வேறென்ன வேண்டும்? அதே காலிறுதியில் தலைவர் தியாகோ சில்வா, கொலம்பியக் கோல்காப்பாளர் பந்தை உதைக்கவிடாமல் குறுக்கே போய், எந்தத் தேவையும் இல்லாத மஞ்சள் அட்டை ஒன்றை வாங்கி, அரையிறுதியில் விளையாட முடியாத தடையையும் தேடிக்கொண்டார். 11ஆவது நிமிடத்தில் ஜேர்மனியின் முல்லர் முதல் கோலைப் போட்டார். பிறகு 23, 24, 26, 29 என்று, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் நான்கு. அந்த 23ஆவது நிமிடக் கோலோடு குளோசே, உலகக் கிண்ணங்களில் எங்கள் ரொனால்டோ போட்டு வைத்திருந்த 15 கோல் சாதனையையும், அதுவும் பிரேசில் மண்ணிலேயே, தாண்டிப் போனார்.

ஆட்டம் முடிந்தபோது, நோன்பு பிடிக்கச் சாப்பிடும் சஹர் நேரம். சோறும் பொரித்த மீனும் வைத்தபடியே இருந்தன. "அவனுகள் தோத்ததுக்கு நீங்க ஏன் மகன் சஹர விடுறீங்க, ரெண்டு வாயாவது தின்னுங்க" என்று உம்மா சொல்லிக்கொண்டிருந்தார். வாப்பா ஒன்றும் பேசாமல் தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார். நான்கு நாட்களில் நெதர்லாந்திடம் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தையும் 3-0 என்று தோற்றார்கள். அதைப் பார்க்க முற்றத்தில் ஆளில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் சொல்கிறேன்: அந்த 7-1 எனக்கு வெட்கமில்லை. அது வலித்தது, இன்னும் வலிக்கிறது, ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. ஜேர்மனி எல்லா வகையிலும் சிறந்த அணியாக இருந்தது, எங்கள் அணி இரண்டு முக்கிய வீரர்களை இழந்து நிலைகுலைந்தது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தைத் தூக்கியதும் அதே ஜேர்மனிதான். உலகச் சம்பியனிடம் அடி வாங்கினோம் என்று சொல்லிவிட்டு ஒருவன் தலை நிமிர்ந்து நடக்கலாம். பகிடி பண்ணுகிறவனுக்கு எண்ணிக்கைதான் தெரியும், ஆட்டம் தெரியாது.

ஆட்டம் தெரிந்தவன் என்னை அடிக்க வேண்டுமென்றால் 2022 டிசம்பர் 9ஆம் திகதியைச் சொல்லி அடிக்க வேண்டும். கட்டாரில் குரோஷியாவுடனான காலிறுதி, எங்களுக்கு இரவு 8.30, நல்ல நேரம், வெள்ளிக்கிழமை, ஒருவருக்கும் தூக்கத்தைச் சாட்டுச் சொல்ல முடியாது. நான்கு நாட்களுக்கு முன்னர் தென் கொரியாவுக்கு நான்கு கோல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆடி, பயிற்றுவிப்பாளர் டிட்டேயையும் ஆட வைத்தார்கள். அதையும் நான் குறை சொல்லவில்லை, ஆடுகிறவன் ஆடட்டும். குரோஷியாவின் கோல்காப்பாளர் லிவாகோவிச் வந்ததையெல்லாம் தடுத்துக்கொண்டிருந்தார். மேலதிக நேரத்தின் முதற்பாதி முடியும் தறுவாயில் நெய்மார் இரண்டு பேரோடு பந்தை மாற்றி மாற்றி உள்ளே புகுந்து, கோல்காப்பாளரையும் கடந்து, வலையின் கூரையில் அடித்தார். அதுபோன்ற கோலுக்காகத்தான் பிரேசிலைப் பார்க்கிறோம். அத்தோடு ஆட்டத்தைப் பூட்ட வேண்டியதுதானே? எஞ்சியிருந்தது சில நிமிடங்கள், கையில் இருந்தது ஒரு கோல் முன்னிலை, செய்ய வேண்டியிருந்தது பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவது. சந்தாங்கேணி மைதானத்தில் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடுகிற பையனுக்குக்கூடத் தெரிந்த வேலை இது. இவர்களோ இரண்டாவது கோலுக்கு ஆசைப்பட்டு எதிரணியின் பாதிக்குள் கூட்டமாக ஏறி நின்று, பந்தைப் பறிகொடுத்து, பின்னால் வெட்டவெளியை விட்டுக்கொடுத்தார்கள். 117ஆவது நிமிடத்தில் பெட்கோவிச் அடித்த பந்து மார்க்கின்யோஸின் காலில் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. அந்த 120 நிமிடங்களில் குரோஷியா கோலை நோக்கிச் சரியாக அடித்தது அந்த ஒரேயொரு முறைதான். ஒன்றேயொன்று!

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது. பெனல்டி உதைகளில் முதலாவதை 21 வயது ரொட்ரிகோவிடம் கொடுத்தார்கள், அது தடுக்கப்பட்டது. நான்காவதை மார்க்கின்யோஸ் கம்பத்தில் அடித்தார். ஐந்தாவதுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்ட நெய்மார், அணியிலேயே பெனல்டி உதைப்பதில் முதலாமவர், பந்தைத் தொடாமலேயே நடுவட்டத்தில் நின்று அழுதார். சிறந்த உதையாளரைக் கடைசிக்கு வைத்து, அந்தக் கடைசி வராமலேயே வீட்டுக்குப் போவது எந்த ஊர்க் கணக்கு? நான் ஏசினேன். தெருவே எழும்புமளவுக்கு ஏசினேன். இனியும் ஏசுவேன், அந்த உரிமை எனக்கு இருக்கிறது. ஏனென்றால் மறுநாள் காலையும் அதே மஞ்சள் ஜேர்சியைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவன் நான்.

அன்று போடாதவர்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. டிசம்பர் 18ஆம் திகதி இரவு லுசைலில் நடந்த இறுதியில் ஆர்ஜென்டீனா பிரான்ஸை பெனல்டியில் வென்றது. 19ஆம் திகதி காலை எங்கள் பகுதியில் நீலமும் வெள்ளையும் எங்கிருந்துதான் முளைத்தனவோ தெரியாது. முந்தின வாரம் வரை நெய்மாரின் படத்தை வாட்ஸ்அப்பில் வைத்திருந்தவன் மெஸ்ஸி கிண்ணத்தை முத்தமிடுகிற படத்தை வைத்துக்கொண்டு, தான் சின்ன வயதிலிருந்தே மெஸ்ஸியின் ஆள் என்றான். அதே உலகக் கிண்ணத்தில் சவூதி அரேபியா ஆர்ஜென்டீனாவை 2-1 என்று வீழ்த்திய மாலையில் அவன் கத்திய கத்தலை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறான் போலும். 2014, 2015, 2016, 2018 என்று எல்லாத் தோல்விகளையும் தாங்கிக்கொண்டு நின்ற பழைய ஆர்ஜென்டீனாக்காரர்கள் சிலர் எங்கள் ஊரில் உண்டு. அன்றிரவு நானே வீடு தேடிப்போய் அவர்களுக்குக் கை கொடுத்தேன். அவர்கள் என்னை ஏழு என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு போவேன். இந்த டிசம்பர் ஆட்களுக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வந்தது?

இவர்களுடைய அறிவுரைதான் பகிடியைவிட மோசம். "மறுகா ஏன் மச்சான் இன்னும் அந்த மஞ்சள் சேட்டோட திரியிற, பிரேசில்காரனுக்கு நீ ஆரெண்டு தெரியுமா? சொந்த நாட்டு டீமைப் பாரு" என்று ஒருவன் எனக்குத் தேசப்பற்றுப் பாடம் எடுக்கிறான். 2023 ஜனவரியில் ஃபீபா இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தை இடைநிறுத்தியதும், ஓகஸ்ட் மாதம் வரை எங்கள் வீரர்கள் ஒரு சர்வதேச ஆட்டமும் ஆட முடியாமல் இருந்ததும் அவனுக்குத் தெரியாது. 1995இல் கொழும்பில் இலங்கை இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்ததும் தெரியாது. கழக ஆட்டங்கள் நடக்கும் மாலைகளில் மைதானத்தின் பக்கம் அவனைக் கண்டவரும் கிடையாது.

பிரேசில்காரனுக்கு என்னைத் தெரிய வேண்டிய தேவை என்ன? 2002ஆம் ஆண்டு, பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, சோதனைச் சாவடிகளைத் தாண்டி மனிதர்கள் மூச்சுவிடத் தொடங்கியிருந்த நேரத்தில், யொகோஹாமாவில் உலகக் கிண்ண இறுதியில் ரொனால்டோ ஜேர்மனிக்கு இரண்டு கோல் போட்டதை வாப்பாவின் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதற்குப் பிறகு பிரான்ஸ், நெதர்லாந்து, ஜேர்மனி, பெல்ஜியம், குரோஷியா என்று கட்டார் வரை ஒவ்வொரு முறையும் ஓர் ஐரோப்பிய அணியே எங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. 1970க்கும் 1994க்கும் இடையில் கிண்ணத்துக்காக 24 ஆண்டுகள் காத்திருந்த தலைமுறையும் இருந்தது. அவர்களில் ஒருவர்தான் என் வாப்பா.

கட்டாருக்குப் பிறகும் அணியின் நிர்வாகம் எங்களைச் சும்மா விடவில்லை. டிட்டே போனதும் ஒரு தற்காலிகப் பயிற்றுவிப்பாளர், பிறகு ஃப்ளுமினென்ஸ் கழகத்தையும் பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகத் தேசிய அணியையும் பார்த்த டினிஸ், பிறகு டொரிவால், பிறகு அஞ்சலோட்டி. 2025 மார்ச்சில் புவனஸ் அயர்ஸில் ஆர்ஜென்டீனாவிடம் 4-1. அதுவும் நோன்பு மாதம், எங்களுக்கு அதிகாலை 5.30, சுபஹ் தொழுதுவிட்டு வந்து அதையும் கடைசி வரை பார்த்தேன். பார்த்துவிட்டு யாரும் எழுதுமுன் நானே குழுவில் நான்கு என்று எழுதினேன்.

கட்சி மாறிப் போனவர்கள் ஒரு நாள் திரும்பி வருவார்கள், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். மெஸ்ஸி இல்லாத ஆர்ஜென்டீனா நான்கு ஆட்டம் தோற்கட்டும், பார்ப்போம். வரட்டும், முற்றம் பெரிதுதான், பாய்களும் இருக்கின்றன. ஆனால் மருதமுனையில் துணி எடுத்துப் பெரிய கொடி தைப்பதற்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு சேர்க்கும்போது, போய்விட்டு வந்தவர்களிடம் இரட்டிப்பாக அறவிடுவதென்று நாங்கள் முடிவெடுத்திருக்கிறோம். தவணை முறை கிடையாது.