குமிழி நின்றால் நொதித்தல் முடிந்ததாகாது

"ஏர்லாக்கில் (நொதிக்கும் வாளியின் மூடியில் பொருத்தும், வாயுவை வெளியே மட்டும் விடும் நீரடைப்பில்) குமிழி நின்றுவிட்டால் பியர் தயார், அன்றே பாட்டிலில் அடைக்கலாம்" என்று சொல்லப்படுவது, முதன்முறையாகச் சிறு அளவில் பியர் தயாரிப்பவர்களை ஆபத்தில் தள்ளக்கூடிய தவறான வழிகாட்டல். மூடி சரியாகப் பொருந்தாத வாளியில் வாயு ஓரங்களின் வழியே கசிந்துவிடுவதால், ஈஸ்ட் மும்முரமாக இயங்கும்போதே குமிழி நின்றுபோகலாம். மாறாக, நொதித்தல் முடிந்த பின்னும் அறை சற்றுச் சூடேறினால், கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக் குமிழி தோன்றும்.

நம்பத்தக்க கருவி, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான். தொடக்கத்தில் 1.050 அளவில் இருந்த ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி), சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற, சாதாரண மால்ட் (முளைகட்டிய தானிய) பியரில் பெரும்பாலும் 1.010-ஐ ஒட்டி இறங்கி நிற்கும். ஆனால் அந்த எண்ணைவிட, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவீடுகள் மாறாமலிருப்பதே முக்கியம். (நொதித்தல் பாதியில் தேங்கினாலும் அளவீடு மாறாது என்பதால், 1.020-க்கு மேலேயே நின்றுவிட்டால் வாளியைச் சற்று வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றிக் காத்திருப்பது நல்லது.) எஞ்சிய சர்க்கரையோடு அடைத்துவிட்டு, அதன்மேல் நுரைக்காக லிட்டருக்கு 6 கிராம் அளவில் சர்க்கரையையும் சேர்த்தால், அழுத்தம் தாங்காமல் கண்ணாடி பாட்டில் வெடித்துச் சிதறக்கூடும். மூடிய வாளியில் கூடுதலாக ஒரு வாரம் இருப்பதால் பியர் கெட்டுவிடாது. அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை.