பயிற்சிக்கு வந்தவன் ஆட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை ராத்திரி, நம் ஊர் டென்னசி பல்கலைக்கழகம் அலபாமாவோடு ஆடிய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் பார்க்கப் போன வீட்டில் என்ன நடந்தது என்று நம் நாக்ஸ்வில் ஆட்களுக்குத் தெரியும். மறுபடி விவரிக்கப் போவதில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், கையில் முறுக்கோடு உட்கார்ந்துகொண்டு, முட்டி அடிபட்டுப் பயிற்சிக்கு மட்டும் திரும்பியிருந்த நம் அணி ஆட்டக்காரன் ஜெர்மாட் மெக்காயைப் பற்றி ஓர் அண்ணன் சொன்னாரே, "பிராக்டிஸ் பண்ணத் தெரியுது, மேட்ச்னா மட்டும் முட்டி வலிக்குதாக்கும்" என்று, அதைப் பற்றித்தான் இது. கூடவே எல்லோரும் சிரித்தீர்கள். நான் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டதாகப் பேச்சு. ஆமாம், கோபித்துக்கொண்டுதான் போனேன்.

பயிற்சிக்குத் திரும்புவது வேறு, ஆட்டத்துக்குத் திரும்புவது வேறு. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

அந்தப் பையனுக்கு 2025 ஜனவரியில் முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் கிழிந்தது. ஊரில் ஜவ்வு என்போமே, அதுதான். ஆட்டத்தில்கூட இல்லை, பயிற்சி செய்யும்போது. அதற்கு முந்தின பருவத்தில் ஓரிகன் ஸ்டேட்டிலிருந்து டென்னசிக்கு வந்து 4 இன்டர்செப்ஷன் எடுத்தபோது, அதாவது எதிரணி எறிந்த பந்தை நான்கு தடவை தானே பிடித்தபோது, இதே அண்ணன்தான் சோபாவில் ஏறிக் குதித்தார். அவன் கார்னர்பேக், எதிரணி ரிசீவரிடம் பந்து போகாமல் தடுக்கிறவன். கார்னர்பேக்கின் பாடு என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். பந்தைப் பிடிக்க எதிரில் நிற்கும் ரிசீவருக்குத் தான் எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று தெரியும். இவனுக்குத் தெரியாது. பின்பக்கமாக ஓடிக்கொண்டே அவன் இடுப்பைப் பார்த்து, ஒரு காலை ஊன்றி, சட்டென்று உடம்பைத் திருப்ப வேண்டும். அந்த ஊன்றித் திரும்புகிற நொடியைத் தாங்குவதுதான் ஜவ்வின் வேலை. பயிற்சியில் எவ்வளவு வேகம், எத்தனை தடவை, எதிரில் யார் என்று கோச் முடிவு செய்யலாம். அலபாமாக்காரன் இவன் முட்டியை விசாரித்துவிட்டா ஓடுவான்?

"9 மாசம் ஆச்சே, நீதானே ஏதோ ஆராய்ச்சி அனுப்பினாய்" என்கிறீர்கள். அனுப்பினேன். 2016இல் வந்த ஆய்வு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு 9 மாதம் வரை, ஆடுவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று அதில் இருக்கிறது. 9 மாதம் முடிந்த மறுநாள் காலையில் எழுந்து ஆடப் போ என்று அதில் இல்லை. தேதி குறித்துக் காத்திருக்க இது என்ன பிரசவமா?

அடுத்து, "டிராஃப்டுக்காக உடம்பைப் பத்திரப்படுத்துகிறான்." தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரிப் பையன்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட், முந்திப் போகிறவனுக்குக் காசு அதிகம். சரி, அப்படியே இருக்கட்டும். அதில் என்ன குற்றம்? வாஷிங்டன் பல்கலைக்கழகத்து சிட்னி ஜோன்ஸ், அவனும் கார்னர்பேக்தான். முதல் சுற்றிலேயே போவான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 2017 மார்ச்சில் என்எஃப்எல் ஆட்கள் பார்க்கும் பயிற்சி நாளில் குதிகால் தசைநார் அறுந்தது. 43ஆவது ஆளாகத்தான் போனான். நோட்ர டாம் பல்கலைக்கழகத்து ஜெய்லன் ஸ்மித், 2016 ஜனவரி 1 அன்று ஃபியஸ்டா போல் (Fiesta Bowl) ஆட்டத்தில் முட்டி போய், 34ஆவது இடம். ஒரு நொடியில் எத்தனை மில்லியன் போயிற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கில்தான் நாமெல்லாம் கெட்டிக்காரர்களாயிற்றே.

"காசு வாங்குகிறானே" என்பவர்களுக்கு: வாங்கட்டும். 2021 வரை இந்தப் பையன்கள் தங்கள் பெயரை வைத்து ஒரு காசு சம்பாதிக்க முடியாமல் இருந்தபோது, 1 லட்சம் பேர் உட்காரும் நம் அணியின் நெய்லண்ட் மைதானத்தில் கத்திக்கொண்டிருந்த யாரும் அதற்காகத் தூக்கம் கெடவில்லை. இதற்கு மேல் இதைப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

அவன் இருந்திருந்தால் ஜார்ஜியா ஆட்டத்தில் ஒன்றிரண்டு பந்தைத் தடுத்திருப்பான். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சனிக்கிழமை? 37-20 என்று தோற்றோம். அதில் முதல் பாதி முடிகிற நேரத்தில் நாமே எறிந்த பந்தை அவர்களுடைய கார்னர்பேக் பிடித்துக்கொண்டு 99 கெஜம் ஓடினானே, அதற்கும் மெக்காய்தான் காரணமா?

நானும் கார்னர்தான். ஃபுட்பால் இல்லை, கபடி. லெஃப்ட் கார்னர். 2004இல் கல்லூரி அணியில் இருந்தபோது முட்டி வீங்கி மூன்று வாரம் படுத்திருந்தேன். பிறகு சாயங்காலம் சும்மா மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடினேன். அதைப் பார்த்த கோச் கேட்டார்: "பிராக்டிஸுக்கு வந்தேல்ல, மேட்ச் ஆட என்ன?" கூட நின்ற பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இறங்கினேன், கோப்பைக்காக இல்லை. இரண்டாவது பாதியில் ரெய்டர் கணுக்காலைப் பிடித்துக் காலை ஊன்றினேன். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கே கேட்டது. ஜெயித்தோம். கோப்பையோடு எடுத்த படத்தில் நான் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன். கோச் ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை. இன்றைக்கும் கோயிலில் எல்லோரும் தரையில் உட்காரும்போது எனக்கு மட்டும் நாற்காலி தேடுகிறார்கள். பத்து வயது மகளே போய் இழுத்துக்கொண்டு வருகிறாள்.

"உன் கதையை எடுத்து எவனோ ஒரு அமெரிக்கப் பையன் மேல் மாட்டுகிறாய்" என்று இதற்கும் கீழே யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். மாட்டத்தான் செய்கிறேன். இருபது வயசுப் பையனைப் பார்த்து நாற்பது வயசு ஆட்கள் அதே வாக்கியத்தை அதே சிரிப்போடு சொன்னால் எனக்கு வேறு என்ன ஞாபகம் வரும்?

அண்ணனுக்குத் தனியாக ஒன்று. போன வருஷம் அரிசி மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்ததென்று மூன்று வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தீர்கள். நடுவில் ஒரு நாள் லேக் ஓரம் வாக்கிங் போன படம் போட்டிருந்தீர்கள். "நடக்கத் தெரியுது, ஆபீஸ் வரத் தெரியலையா" என்று யாரும் கேட்கவில்லை. ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தோம்.

அன்றைக்கு அவசரத்தில் என் எவர்சில்வர் டப்பாவை உங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டேன். வந்து வாங்கிக்கொள்கிறேன். முன்வாசலில் ஏழு படி இருக்கிறது, கராஜைத் திறந்து வையுங்கள்.