மதிப்பெண் கிடைத்தது, செய்தி வரவில்லை

இதழியல் துறைகள் வெளியிடும் செய்திமடல்களை நான் விடாமல் படிப்பேன். எங்கே புது ஸ்டூடியோ திறந்தார்கள், யார் வந்து உரையாற்றினார்கள், எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எல்லாம் அதில் இருக்கும். இந்த வாரம் அப்படி ஆறேழு மடல்களை ஒரே மூச்சில் படித்தேன். நான் தேடியது ஒரே விஷயம்தான்: இந்த ஆண்டு உங்கள் மாணவர்கள் என்ன செய்தி வெளியிட்டார்கள்? ஒரே ஒரு மடலில் அது இருந்தது. அதுவும் கடைசிப் பக்கத்தில்.

இதை ஏன் இப்படித் தேடுகிறேன் என்றால், அதற்கு ஒரு பூட்டுதான் காரணம்.

நான் படித்தபோது எங்கள் துறையில் ஒரு பயிற்சி இதழ் இருந்தது. மாதம் ஒன்று. நாங்களே செய்தி எடுத்து, நாங்களே எடிட் செய்து, பக்கமும் அமைப்போம். இரண்டாம் ஆண்டில் எனக்கு விடுதி பீட், அதாவது விடுதிச் செய்திகள் என் பொறுப்பு. மாணவியர் விடுதியின் பின்வாசலை இரவு 9 மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள் என்பதும், தீப்பிடித்தால் அத்தனை பேரும் ஒரே படிக்கட்டில்தான் இறங்கியாக வேண்டும் என்பதும் தெரியவந்தது. மூன்று வாரம் அலைந்தேன். நான்கு இரவுகள் நேரில் போய்ப் பூட்டும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று காவலாளியிடம் கேட்டேன். தன் பெயரைப் போட வேண்டாம் என்றார்; போடவில்லை. விடுதிக் காப்பாளரிடமும் பதில் வாங்கினேன். எழுதிக் கொடுத்ததும் ஆசிரியர் அங்கேயே உட்கார்ந்து முழுவதையும் படித்தார். "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டார். அப்புறம், "ஆனா இதை இதழ்ல போட வேண்டாம்" என்றார்.

அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. எனக்குச் செய்தி எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர். துறையின் நிதிக்கும் அவருடைய பதவி உயர்வுக்கும் கையெழுத்துப் போடுகிறவர்களே அந்த விடுதிக்கும் பொறுப்பு. அவர் என்ன செய்வார்? என் செய்திக்கு ஒதுக்கிய இடத்தில் வளாகத் தோட்டத்தைப் பற்றிய படக்கட்டுரை வந்தது. படிப்பை முடித்துக் கிளம்பிய அன்று அந்தப் பின்வாசல் பக்கம் போய்ப் பார்த்தேன். பூட்டு அப்படியே தொங்கியது.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த மதிப்பெண் எனக்குள் என்ன செய்திருந்தது என்று புரிந்தது. யாரும் கூப்பிட்டு மிரட்டுவதற்கு முன்பே நானே வரிகளை வெட்டிவிடுவேன். எந்த அதிகாரிக்குக் கோபம் வரும், எந்தப் பத்தியால் சிக்கல் வரும் என்று எழுதும்போதே கை தயங்கும். "எங்கே மிச்சம்? நீ சொன்னதுல பாதிதான இங்க இருக்கு" என்று ஒரு டெஸ்க் எடிட்டர் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அந்தப் பழக்கம் போனது. போக நான்கைந்து வருடம் ஆயிற்று.

வேறு விதமாகவும் கற்றுக்கொடுக்கலாம். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக இதழியல் பள்ளி 1908 செப்டம்பர் 14 அன்று தொடங்கியது. வகுப்புகள் தொடங்கிய அதே நாளில் மாணவர்களின் நாளிதழும் வெளிவந்தது. அதன் முதல் டீன் வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் பட்டம் இல்லாதவர். பத்திரிகை அலுவலகத்தில் வளர்ந்தவர். செய்தியறையில்தான் செய்தி கற்க முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இதழ் இன்றும் இருக்கிறது. வளாகத்தோடு நிற்காமல் கொலம்பியா என்ற அந்த ஊரையே அது பார்த்துக்கொள்கிறது. நகர மன்றக் கூட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மாணவர்களே போகிறார்கள். அவர்கள் எழுதுவதைத் திருத்துகிறவர்கள் தொழில் தெரிந்த எடிட்டர்கள். வகுப்பில் ஆசிரியர்களும் அவர்களே.

படிக்க ஒரு ஊர் இருக்கிறது என்றால் எழுதுகிறவரின் கவனமே மாறிவிடும். பெயரில் ஒரு எழுத்து பிசகினால் மதிப்பெண் குறைவது வேறு. அந்தப் பெயருக்குரியவரே காலையில் போன் செய்து "என் பெயர் அது இல்லை" என்று சொல்வது வேறு. இரண்டாவதை ஒருமுறை அனுபவித்தவர் வாழ்நாள் முழுக்கப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாணவர்கள் நிஜமான வேலையில் இறங்கினால் விளைவுகளும் நிஜமாக வரும், சில சமயம் மிகக் கனமாக. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளி மாணவர்கள் 1990களின் இறுதியில் ஒரு பழைய இரட்டைக் கொலை வழக்கைத் தோண்டினார்கள். அந்தோணி போர்ட்டர் என்பவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. நிறைவேற்ற இரண்டு நாள் இருக்கும்போது, தண்டனையைப் புரிந்துகொள்ளும் மனநிலை அவருக்கு இருக்கிறதா என்ற கேள்வியின் பேரில் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்த இடைவெளியில் மாணவர்களும் அவர்களுடைய பேராசிரியரும் ஒரு தனியார் துப்பறிவாளரும் சாட்சிகளைத் தேடிப் போனார்கள். 1999இல் போர்ட்டர் விடுதலையானார். அடுத்த ஆண்டே, அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் ஆளுநர் மரண தண்டனைகளை நிறுத்திவைத்தார். 2011இல் அந்த மாநிலம் மரண தண்டனையையே ஒழித்தது.

இதுவரை கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் போர்ட்டருக்குப் பதிலாக இன்னொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போயிருந்தார். அந்த வாக்குமூலத்தைத் துப்பறிவாளர் வாங்கிய விதம் சரியில்லை என்று சொல்லி, 2014இல் அரசுத் தரப்பே அப்படி ஒப்புக்கொண்டவரையும் வெளியே விட்டது. அவர் சிறையில் இருந்தது சுமார் 15 ஆண்டுகள்.

மாணவர்களை இப்படிப்பட்ட செய்திகளில் இறக்கவே கூடாது என்பதற்குச் சிலர் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதர் கொல்லப்படாமல் இருந்ததற்கு அந்த மாணவர்களின் அலைச்சலும் ஒரு காரணம். ஆனால் 20 வயதுப் பிள்ளைகள் நிருபராகப் போகிறார்களா, வழக்கில் ஒரு தரப்பின் ஆளாகப் போகிறார்களா என்று பக்கத்தில் நின்று கேட்க ஒரு எடிட்டர் வேண்டும். "உனக்குப் பிடித்த முடிவுக்கு எதிரான ஆதாரம் எங்கே?" என்று கேட்கிற எடிட்டர். அந்த இடத்தில்தான் துறைகள் பணத்தைப் போட வேண்டும். மூன்று நாள் கருத்தரங்குக்கு ஆகும் உழைப்பில், அனுபவமுள்ள ஒரு எடிட்டரை வாரம் ஒருநாள் பயிற்சி இதழில் உட்கார வைக்கலாம்.

சரி, பல்கலைக்கழகத்துக்கே பிடிக்காத செய்தி என்றால்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் நாளிதழான தி ஸ்டான்ஃபோர்டு டெய்லியில், தியோ பேக்கர் என்ற முதலாமாண்டு மாணவர் 2022 இறுதியிலிருந்து, பல்கலைக்கழகத் தலைவரின் பெயர் உள்ள பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் தாமே தரவுகளைத் திரித்ததாகக் குழு சொல்லவில்லை. ஆனால் அவருடைய ஆய்வகங்களிலிருந்து வந்த சில கட்டுரைகளில் தரவுகள் மாற்றப்பட்டிருந்ததாகவும், பிழைகளைத் திருத்த அவர் போதிய அளவு முயலவில்லை என்றும் சொன்னது. 2023 ஜூலையில் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார்.

அது இதழியல் துறை நடத்தும் இதழ்கூட இல்லை. 1973இலிருந்து பல்கலைக்கழகத்தைச் சாராத தனி நிறுவனமாக மாணவர்களே நடத்துகிறார்கள். அந்தச் செய்தியை நிறுத்தும் அதிகாரம் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் இல்லை. எங்கள் ஆசிரியருக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், "இது என் கையில் இல்லை, மாணவர் எடிட்டர்தான் முடிவு செய்வார்" என்று மேலே இருப்பவர்களிடம் சொல்லியிருப்பார். சொல்லக்கூடிய மனிதர்தான் அவர்.

எல்லாத் துறையும் தனி நிறுவனம் தொடங்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பக்கத்தில் எழுதி வைக்கலாம். உண்மை சரியா, சட்டச் சிக்கல் உண்டா, எதிர்த் தரப்பைக் கேட்டாயா, இதையெல்லாம் ஆசிரியர் பார்க்கட்டும். துறைக்குச் சங்கடம் என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு செய்தியை நிறுத்தக்கூடாது. இதில் துறைத் தலைவரும் துணைவேந்தரும் கையெழுத்துப் போடட்டும். செய்திமடலில் ஒப்பந்தப் படம் போடுவதாக இருந்தால் இந்த ஒப்பந்தத்தின் படத்தைப் போடுங்கள். நானே நாலு பேருக்கு அனுப்புகிறேன்.

முதலில் சொன்ன அந்த ஒரு செய்திமடலின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். நூலகத்தை மாலையில் சீக்கிரம் மூடுவதால் பகலில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவர்கள் படும் பாட்டை ஒரு மாணவி எழுதியிருந்தார். அதன் கீழேயே, முந்தைய இதழில் அவர் எழுதிய செய்தி ஒன்றுக்குத் திருத்தம்: இருக்கைகளின் எண்ணிக்கையைத் தவறாகக் கொடுத்துவிட்டோம், சரியான எண் இது, வருந்துகிறோம். அவர் பெயரோடு. இரண்டையும் இரண்டு முறை படித்தேன். அந்தத் துறைக்கு உடனே கடிதம் எழுதினேன்.

உங்கள் துறையிலும் இப்படி மாணவர்கள் எழுதியது இருக்கும். வெளிவந்திருந்தால் அனுப்புங்கள். மதிப்பெண் கொடுத்து உள்ளே வைத்த செய்தி என்றால், எழுதியவர் சம்மதத்தோடு அதையும் அனுப்புங்கள். உட்கார்ந்து படித்து, என் குறிப்புகளை எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.