மஞ்சள் எச்சரிக்கைக்குச் சிரிச்ச ஆக்களுக்கு

கனடா அரசின்ர வானிலைத் துறை, என்வயர்மென்ட் கனடா, ஸ்னோவுக்குப் போட்ட மஞ்சள் எச்சரிக்கையைத் தமிழில எழுதிப் போட்டன். என்ர வேற ஒரு பதிவுக்கும் இவ்வளவு சிரிப்பு முகம் விழுந்ததில்லை. "வருண பகவானே வந்திட்டார்" எண்டு ஒரு அண்ணை. சரி, ரொறன்ரோவில எங்கட ஸ்காபரோப் பக்கம் கொட்டினது நாலு சென்ரிமீற்றர் ஸ்னோதான். ஒத்துக்கொள்ளுறன். ஆனா அந்த எச்சரிக்கையை ஒராள் எண்டாலும் முழுசா வாசிச்சனீங்களோ?

2025 நவம்பரில இருந்து என்வயர்மென்ட் கனடா மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு நிறம் போடுது. அது எத்தனை சென்ரிமீற்றர் எண்டதுக்கான நிறம் இல்லை. என்ன பாதிப்பு வரும், அதில அவைக்கு எவ்வளவு நிச்சயம், ரெண்டையும் சேர்த்துப் பார்த்துப் போடுற நிறம். 'வாட்ச்' எண்டால் வரலாம், ஆயத்தமா இருங்கோ. 'வோர்னிங்' எண்டால் வருது, இல்லாட்டி வந்திட்டுது. ரெண்டையும் ஒண்டாக்கி வாட்ஸ்அப்பில அனுப்பிப்போட்டு, பிறகு "பொய்" எண்டுறது ஆர் பிழை?

20 மில்லிமீற்றர் தண்ணி ஸ்னோவா விழுந்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். பூச்சியத்தில நிக்கிற வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் அதே தண்ணி சேறாப் போயிடும். ஒன்ராறியோ ஏரிக்கரையில நாங்கள் தப்பினது அந்த ஒரு பாகையில. அதே நேரம் வடக்க, மார்க்கம் நகரத்துக்கு மேல, சனம் இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு ஸ்னோ வழிச்சது. அவை சிரிக்கேல்லை.

"முப்பது வருசமா ஸ்னோ பாக்கிறம், எங்களுக்கே சொல்லித்தாறாய்?" 2022 ஜனவரி 17 ஸ்னோவால ரொறன்ரோவின்ர நெடுஞ்சாலையள் டிவிபியையும் கார்டினரையும் மூடினது மறந்துபோச்சோ? அதே வருச நத்தாருக்கு அமெரிக்காவில பஃபலோ நகரத்தில பனிப்புயல். அங்க ஸ்னோ புதிசு எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. நாள்கணக்கா முன்கூட்டியே சொன்னவங்கள். பஃபலோ இருக்கிற ஈரி கவுண்டியில மட்டும் 47 உயிர். சில பேரைக் காருக்குள்ளதான் கண்டெடுத்தது.

கார் ஸ்னோவில புதைஞ்சால் முதல்ல புகைக்குழாயைச் சுத்தி வழிக்கோணும், பிறகுதான் எஞ்சின். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிசம், காத்தடிக்காத பக்கத்துக் கண்ணாடி கொஞ்சம் திறந்திருக்கோணும். ஐஸ் கரைக்கத் தூவுற சாதாரண உப்பு -10 பாகைக்குக் கீழ மந்தம். கல்சியம் குளோரைட் வாங்குங்கோ. ஆளுக்கு நாளுக்கு ரெண்டு லீற்றர் தண்ணி, மூண்டு நாளுக்கு. காரில அரைத் தாங்கி பெற்றோல்.

ஒருத்தரும் பாக்காதது, வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸின்ர குழாய். புது ஃபர்னஸ் எண்டால் வீட்டுச் சுவரால ரெண்டு வெள்ளைக் குழாய் வெளியில வரும். ஒண்டு காத்தை இழுக்கும், மற்றது புகையைத் தள்ளும். ஸ்னோ மூடினால் ஃபர்னஸ் தானா நிண்டிடும், விடிய வீடு ஐஸ்பெட்டி. நிக்காட்டி இன்னும் மோசம்: கார்பன் மொனொக்சைட் எண்ட நச்சுவாயு உள்ள திரும்பும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. அலாரம் இல்லாத பேஸ்மென்ட்டில அம்மா அப்பாவைப் படுக்க விட்டிட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறியள்.

"பயம் காட்டி லைக் சேர்க்கிறாய்" எண்டும் ஒரு தம்பி. இங்கிலீசு வாசிக்கத் தெரியாத பேஸ்மென்ட்டு அம்மாக்களுக்காக ராத்திரி இருந்து தமிழில எழுதினதுக்கு இதுதான் பட்டம். ஊரில கொண்டல் திரும்பினாலே வள்ளத்தைக் கரையில இழுத்துப்போட்ட சனத்தின்ர பிள்ளையள் நாங்கள். காத்து வராட்டி ஆரும் அந்த மனிசனைப் பாத்துச் சிரிச்சதோ?

கடைசியா அந்த அண்ணைக்கு. உங்கட ஃபர்னஸ் குழாய் ட்ரைவ்வே பக்கச் சுவரில, நிலத்தில இருந்து ஒரு அடி உயரத்தில. ஒவ்வொரு முறையும் நீங்கள் ஸ்னோவைத் தள்ளிக் குவிக்கிறதும் அங்கதான்.